மேக் அண்ட் சீஸுக்கு எந்தப் பால்? ஆறு வாரம் அடுப்படியில் நின்று பார்த்தது

"அப்பா, இதுல மணல் இருக்குப்பா."

முதல் கரண்டியிலேயே மகள் சொல்லிவிட்டாள். நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். சாஸ் வழுவழுவென்று இறங்காமல், வேகாத ரவையைப் போலப் பொடிப்பொடியாக நாக்கில் உரசியது. கிண்ணத்தின் ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் தனியாகப் பிரிந்து வளையம் கட்டியிருந்தது. கால் கிலோ செடார் சீஸ், அரை மணி நேர வேலை, எல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

அது அக்டோபர் இரண்டாவது வாரம். நாங்கள் இருப்பது வட கரோலைனாவில், ராலேவை ஒட்டிய கேரி என்ற ஊரில். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து பெட்டியில் வரும் மேக் அண்ட் சீஸ் (மக்ரோனியைச் சீஸ் சாஸில் கிளறுவது) என்றால் அவளுக்கு உயிர். 1937-இல் கிராஃப்ட் நிறுவனம் கொண்டுவந்த சரக்கு அது. நாடு பொருளாதார மந்தத்தில் இருந்த காலத்தில் 19 சென்ட்டுக்கு நாலு பேர் சாப்பிடலாம் என்று சொல்லி விற்றார்கள். மக்ரோனியை வேகவைத்து வடித்து, உடன் வரும் ஆரஞ்சுப் பொடியோடு கொஞ்சம் வெண்ணெயும் கால் கப் பாலும் சேர்த்துக் கிளறினால் முடிந்தது. அதில் பால் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேலையை எல்லாம் பொடியே பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் முழுசாகச் செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. எங்கள் தெருவில் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துவந்து கூடிச் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. அந்தப் பட்டியலில் மேக் அண்ட் சீஸுக்கு நேராக என் பெயரை எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் அதன் கனம் புரிந்தது. தென் மாநிலங்களில், அதிலும் கறுப்பினக் குடும்பங்களில், விருந்துக்கு மேக் அண்ட் சீஸ் செய்கிற பொறுப்பைக் கைப்பக்குவம் தெரிந்த ஆளிடம்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மா அலபாமாவில் பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். "இந்த வருஷம் நீயா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனிடம் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் 1784-இல் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே பிரெஞ்சுச் சமையல் கற்றவர். திரும்பி வந்து, அந்த வித்தையைத் தன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் 1796-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. மக்ரோனியும் சீஸும் இந்த நாட்டு விருந்து மேசைக்கு வந்த கதையில் அப்படிப்பட்ட கைகள் பல. நாம் செய்வது சாதாரணப் பிள்ளைச் சாப்பாடு என்று நினைத்து அலட்சியமாக இருந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே மனதில் பட்டது.

முதல் தடவை நான் செய்தது இதுதான். வாணலியில் 2 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, 2 மேசைக்கரண்டி மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, ஃப்ரிட்ஜில் இருந்த 2 சதவீதக் கொழுப்புள்ள பாலை 2 கப், அதாவது 480 மில்லி, ஊற்றிக் கொதிக்கவிட்டேன். தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே, துருவியே பையில் விற்கிற செடாரை மொத்தமாகக் கொட்டிக் கிளறினேன். வந்தது மணல்.

பழியைப் பால்மேல் போட்டேன். கொழுப்பு குறைந்த பால், அதனால்தான் திரிந்துவிட்டது என்று தோன்றியது. மறுவாரம் ஹாஃப் அண்ட் ஹாஃப் வாங்கிவந்தேன். பாலும் கிரீமும் கலந்தது, கொழுப்பு 10.5 சதவீதத்துக்குக் குறையாது. அதிலும் மணல். அதற்கடுத்து 36 சதவீதக் கொழுப்புள்ள ஹெவி கிரீமே ஊற்றினேன். மணல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் எண்ணெய் மிதந்தது, ஆறியதும் மெழுகு போல இறுகிவிட்டது. மகள் மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தச் சாஸை என்னாலும் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

அப்போது என் மாமியார் மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மூன்றாவது தடவை நான் பாத்திரத்தைக் கழுவப் போடும்போது பக்கத்தில் வந்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாப்ள, இது பால் திரிஞ்சது இல்ல. சீஸ் திரிஞ்சிருக்கு."

"எப்படி அத்தை சொல்றீங்க?"

"பால் திரிஞ்சா தண்ணி தனியா நிக்கும். இதுல எண்ணெய்தான் தனியா நிக்குது. நீங்க கொதிக்கக் கொதிக்கப் போடுறீங்க. மோர்க்குழம்பைக் கொதிக்க விடுவாங்களா? நுரை கூடி வந்ததும் இறக்கிடணும்ல."

அந்த வார்த்தையில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மோர்க்குழம்புக்கு ஏன் துவரம்பருப்பும் பச்சரிசியும் ஊறவைத்து அரைத்து ஊற்றுகிறோம்? கெட்டியாக வரவேண்டும் என்பதற்கு மட்டும் இல்லை. அந்த மாவு மோரிலிருக்கும் புரதத்தைச் சூழ்ந்துகொண்டு, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் பார்த்துக்கொள்கிறது. மேக் அண்ட் சீஸில் மைதா செய்வதும் அந்த வேலைதான். ஆனாலும் மாவு இருந்தாலும் சூடு எல்லை மீறினால் குழம்பு திரிந்துவிடலாம். சீஸும் அப்படித்தான்.

செடார் என்பது புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பின்னிய ஒரு வலை. அந்த வலைக்குள் கொழுப்பு சிக்கிக் கிடக்கிறது. மிதமான சூட்டில் வலை தளர்ந்து, பாலோடு கலந்து சாஸாகிறது. கொதிநிலைக்குப் போனால் வலை சுருங்குகிறது. தண்ணீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு, புரதம் மட்டும் குட்டிக்குட்டி உருண்டைகளாக நிற்கும். நாக்கில் உரசிய மணல் அந்த உருண்டைகள். ஓரத்தில் நின்ற எண்ணெய் பிழிந்து தள்ளிய கொழுப்பு. பையில் வரும் துருவிய சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் தூவுகிறார்கள். அதுவும் தன் பங்குக்குச் சொரசொரப்பைக் கூட்டுகிறது. இது எனக்கு மூன்று தடவை செய்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே கட்டி செடார் ஒன்று வாங்கி, வீட்டில் துருவினேன். அதே 2 சதவீதப் பால். மைதாவும் பாலும் கொதித்துக் கெட்டியானதும் அடுப்பை அணைத்து மூன்று நிமிஷம் சும்மா விட்டேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 160 டிகிரி ஃபாரன்ஹீட், 70 செல்சியஸுக்குக் கொஞ்சம் மேல். பிறகு சீஸை மூன்று பிடியாகப் பிரித்து, ஒரு பிடி உருகிய பிறகு அடுத்த பிடி என்று போட்டேன். மணல் இல்லை. எண்ணெய் இல்லை. கரண்டியை மேலே தூக்கினால் சாஸ் பட்டுத்துணி மாதிரி மடிந்து விழுந்தது.

ஆக, முதல் மூன்று தடவையும் நான் பாலைக் குற்றம் சொன்னது தவறு. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் பாலைப் பற்றி ஒழுங்காகக் கேள்வி கேட்க முடிந்தது. சூடும் சீஸும் சரியாக இருந்தால், பாலை மாற்றுவதால் என்ன மாறுகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு சின்னப் பாத்திரங்களை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் அரை மேசைக்கரண்டி வெண்ணெய், அரை மேசைக்கரண்டி மைதா, அரை கப் பால், 55 கிராம் செடார். ஒரே கட்டியிலிருந்து துருவியது, ஒரே சூட்டில் போட்டது. பால் மட்டும் வேறு வேறு: கொழுப்பு நீக்கிய ஸ்கிம் பால், 2 சதவீதம், முழுப்பால், ஹாஃப் அண்ட் ஹாஃப். அமெரிக்காவில் முழுப்பால் என்றால் கொழுப்பு 3.25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். நம் ஊர்ப் பழக்கத்தில் பார்த்தால் இது நீலப் பாக்கெட் பக்கம்தான் வரும். ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். ஊரில் இதைச் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கிம் பால் திரியும் என்று எதிர்பார்த்தேன். திரியவில்லை. புரதம் அதிலும் முழுப்பாலில் உள்ள அளவு, 3.4 சதவீதத்தை ஒட்டி, இருக்கிறது. மைதாவும் காவலுக்கு இருக்கிறது. ஆனால் சாஸ் வாயில் நிற்கவில்லை. மைதாவின் சுவை முன்னால் வந்தது, சீஸின் சுவை பின்னால் எங்கோ கேட்டது. நிறமும் சற்று வெளிறியிருந்தது. 2 சதவீதம் அதைவிட எவ்வளவோ மேல், தினசரிச் சாப்பாட்டுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முழுப்பாலில் சீஸின் புளிப்பும் உப்பும் தெளிவாகத் தெரிந்தது, சாஸ் மக்ரோனியின் குழாய்க்குள் புகுந்து நின்றது. ஹாஃப் அண்ட் ஹாஃப் சூடாக இருக்கும்போது நாலிலும் அதுதான் அழகு. பதினைந்து நிமிஷம் கழித்துத் தொட்டபோது மேலே தோல் கட்டி, அடியில் களி மாதிரி இறுகியிருந்தது. அதை மறுபடி சுடவைத்தேன், எண்ணெய் கசிந்தது.

ஏன் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு முழு அளவுக்கு, அதாவது 225 கிராம் மக்ரோனிக்கு, 225 கிராம் செடார். செடாரில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதுவே 75 கிராம் ஆகிறது. 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் 23 கிராம். 480 மில்லி முழுப்பால் கொண்டுவருவது 16 கிராம்தான். பாலை ஹெவி கிரீமாக மாற்றினால் அந்த 16 கிராம் 170 கிராமைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு கொழுப்பையும் பிடித்துவைத்துக்கொள்ள அந்தப் பாத்திரத்தில் புரதமும் இல்லை, மாவும் இல்லை. அதனால்தான் பிரிந்து மிதக்கிறது. சீஸே போதுமான கொழுப்பைக் கொண்டுவருகிறது. அந்தக் கொழுப்பைக் கட்டிப்போடப் புரதம் தேவை, இளக்கமாக வைக்கத் தண்ணீர் தேவை. பாலிடம் நாம் கேட்கவேண்டியது இவை இரண்டும்தான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கிரீம் வாங்குவதை அடியோடு விட்டுவிட்டேன்.

என் மனைவிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காக லாக்டோஸ் நீக்கிய முழுப்பாலிலும் செய்தேன். பதம் அச்சு அசலாக அதே பதம். ஆனால் லேசாக இனிக்கிறது. லாக்டோஸை நொதி சேர்த்து குளுக்கோஸ், காலக்டோஸ் என்று உடைத்துவிடுகிறார்கள். உடைந்த சர்க்கரை இரண்டும் சேர்ந்தால் லாக்டோஸைவிட இனிப்பு கூடுதல். அரை தேக்கரண்டி கடுகுப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் கூடப் போட்டேன், இனிப்பு அமுங்கிவிட்டது. நாள்பட்ட செடாரில் லாக்டோஸ் மிகக் குறைவு என்பதால் சீஸால் அவளுக்குத் தொந்தரவு வரவில்லை. பால் ஒவ்வாமை வேறு, இது வேறு. ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஓட்ஸ் பால் ஒரு தடவை. அதுவும் இனிப்பு, புரதம் குறைவு, சாஸ் கஞ்சி போல வந்தது. பாதாம் பால் அதைவிட நீர்ப்பு. தாவரப் பாலில்தான் செய்தாகவேண்டும் என்றால் சர்க்கரையும் வெனிலாவும் சேர்க்காத சோயாப் பாலை எடுங்கள். பசும்பாலை ஒட்டிய அளவு புரதம் அதில்தான் இருக்கிறது. தேங்காய்ப்பாலின் மணம் செடாரோடு சேராது. இவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நேராகவே போய்க் கேட்டேன். நீங்கள் என்ன பால் ஊற்றுவீர்கள்? அவர் யோசிக்கவே இல்லை. "பெட் மில்க்" என்றார். எவாப்பரேட்டட் மில்க்கைத்தான் அப்படிச் சொல்கிறார். அங்கே பெரியவர்கள் எந்த நிறுவனத்து டப்பாவாக இருந்தாலும் அந்தப் பழைய பிராண்டின் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். தன் அம்மா காலத்தில் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்றும், டப்பாப் பால்தான் எப்போதும் அலமாரியில் இருக்கும் என்றும் சொன்னார். இரண்டு முட்டையை அதில் அடித்து ஊற்றி ஓவனில் வைத்தால் கஸ்டர்ட் மாதிரி பிடித்துக்கொள்ளுமாம், கத்தியால் சதுரமாக வெட்டிப் பரிமாறலாமாம்.

அன்று மாலையே கடைக்குப் போய் டப்பா வாங்கிவந்தேன். இங்கே ஒரு தவறு நடந்தது, அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலருக்கும் இது நடக்கும். கேக் சாமான்கள் வைக்கும் அடுக்கில் இரண்டு விதமான பால் டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று எவாப்பரேட்டட். இன்னொன்று ஸ்வீட்டண்ட் கண்டன்ஸ்ட், நாம் ஊரில் மில்க்மெய்ட் என்று வாங்குகிறோமே அது. எனக்குச் சிறுவயதிலிருந்து டப்பாப் பால் என்றால் அந்த ஒன்றுதான் தெரியும். கை பழக்கத்தில் அதையே எடுத்துவந்துவிட்டேன். திறந்து ஊற்றும்போது தேன் மாதிரி கனமாக இறங்கியது. அப்போதாவது நிறுத்தியிருக்கவேண்டும். சுண்டிய பால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து முழு டப்பாவையும் சாய்த்து, சீஸையும் போட்டுவிட்டேன். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இனிப்பும் செடாரின் உப்பும் சேர்ந்து வந்த சுவையைச் சரிசெய்ய வழியே இல்லை. அத்தனையும் குப்பைக்குப் போனது. அத்தைக்கு மனசே கேட்கவில்லை. உணவைக் கொட்டுவது எனக்கும் வலித்தது.

மறுநாள் சரியான டப்பா. 12 அவுன்ஸ், 354 மில்லி. எவாப்பரேட்டட் என்றால் பாலிலிருந்து சுமார் 60 சதவீதத் தண்ணீரை ஆவியாக்கியது, சர்க்கரை சேர்க்காதது. கொழுப்பு 6.5 சதவீதத்துக்குக் குறையாது. ஒரு டப்பாவில் 24 கிராம் புரதம். 480 மில்லி சாதாரணப் பாலில் இருப்பது 16 கிராம்தான். நான் கணக்குப் போட்டுத் தேடிக்கொண்டிருந்த பால் இதுவேதான்: புரதம் கூடுதல், தண்ணீரும் கொழுப்பும் அளவாக. போதாததற்கு டப்பாவிலேயே வைத்துக் கடும் சூட்டில் கிருமி நீக்குகிறார்கள், திரியாமல் இருக்கச் சிறிதளவு பாஸ்பேட் உப்பும் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அவ்வளவு சூட்டைத் தாங்கி வந்த பால் நம் அடுப்பில் சுலபத்தில் திரிவதில்லை.

இதில் வெண்ணெயையும் மைதாவையும் வறுக்கிற வேலையே தேவைப்படவில்லை. 225 கிராம் செடாரைத் துருவி, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை அதில் பிசிறிவைத்தேன். மக்ரோனி வெந்து வடித்ததும் அதே பாத்திரத்தில் 300 மில்லி டப்பாப் பாலை ஊற்றி, சின்னத் தீயில் ஓரம் குமிழி கட்டும் வரை சூடாக்கி, சீஸைப் பிடிப்பிடியாகப் போட்டுக் கிளறினேன். ஆறு நிமிஷம். சாஸ் பளபளவென்று, பெட்டி மக்ரோனியின் வழுவழுப்போடு, ஆனால் உண்மையான சீஸின் காரத்தோடு வந்தது. இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தபோதும் இறுகவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டினாள்.

அத்தை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சுண்டக் காய்ச்சின பால்தானே மாப்ள? இதுக்கு எதுக்கு டப்பா? நான் காய்ச்சித் தரேன்."

அடுத்த சனிக்கிழமை காய்ச்சினார். ஒரு லிட்டர் முழுப்பால், வாய் அகன்ற அடிகனமான பாத்திரம், மிதமான தீ. பொங்கி அடங்கியதும் கரண்டியை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. அடியைச் சுரண்டுவார். ஓரத்தில் படிகிற ஆடையை வழித்து உள்ளே தள்ளுவார். மறுபடி அடி. நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன், ஐம்பது நிமிஷத்தில் 450 மில்லிக்கு வந்தது. வெள்ளை மாறி லேசான சந்தன நிறம். திரட்டுப்பால் கிளற ஆரம்பிக்கும்போது வருமே, அந்த வாசனை வீடு முழுக்க. ஆறவைத்து வடிகட்டினோம். வடிகட்டாவிட்டால் ஆடைத் துணுக்குகள் சாஸில் கட்டிகட்டியாக மாட்டும். அந்தப் பாலில் செய்த மேக் அண்ட் சீஸுக்கு டப்பாப் பாலில் இல்லாத ஓர் ஆழம் இருந்தது. வழுவழுப்பில் டப்பாப் பால் ஒரு படி மேல். டப்பாவில் சேர்க்கும் உப்பு நம் பாலில் இல்லையே. சுவையில் அத்தை காய்ச்சின பால்தான். டப்பா கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தயங்காமல் இப்படிக் காய்ச்சிக்கொள்ளலாம். சீஸ் போடும்போது சூட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள். பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ் ஒன்றிரண்டைக் கிள்ளிப் போட்டாலும் போதும். சீஸ் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் உப்பு அந்த ஸ்லைஸிலேயே இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் செடாரையும் அது காப்பாற்றும்.

தெரு விருந்துக்கு நான் முடிவு செய்த அளவு கீழே. ஓவனில் வைப்பதென்றால் டப்பாப் பாலை மட்டும் நம்ப முடியாது. ஓவனுக்குள் மக்ரோனி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சாஸ் வற்றிவிடும். அதனால் டப்பாப் பாலோடு முழுப்பாலையும் கலந்தேன், மைதாவையும் திரும்பக் கொண்டுவந்தேன். 454 கிராம் மக்ரோனி ஒரு பெட்டி. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தைவிட இரண்டு நிமிஷம் முன்னதாகவே வடித்துவிடவேண்டும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும் பதம். 4 மேசைக்கரண்டி வெண்ணெய், கால் கப் மைதா. ஒரு டப்பா எவாப்பரேட்டட் பால், இரண்டரைக் கப் முழுப்பால். சீஸ் மொத்தம் அரைக் கிலோ: 300 கிராம் ஷார்ப் செடார், 120 கிராம் மான்டரே ஜாக், மீதி ஸ்லைஸ் சீஸ். மிகவும் நாள்பட்ட எக்ஸ்ட்ரா ஷார்ப் செடாரை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள். பழுக்கப் பழுக்கப் புரதம் துண்டாகிவிடுவதால் அதற்குக் கொழுப்பைப் பிடித்துவைக்கும் வலு குறைவு. இளசான ஜாக் சுவையில் சாது, ஆனால் உருகும்போது தாங்குகிறது. அரை தேக்கரண்டி கடுகுப் பொடி, ஒரு சிட்டிகை மிளகாய்ப் பொடி.

பாலைக் குளிர்ச்சியாக ஊற்றாமல் வெதுவெதுப்பாக்கி ஊற்றினால் மைதா கட்டி தட்டாது. சாஸ் தோசை மாவு பதத்தில் இருக்கவேண்டும். இட்லி மாவு பதம் வந்துவிட்டால் ஓவனிலிருந்து எடுக்கும்போது வறண்டிருக்கும். ஒத்திகையில் எனக்கு அப்படித்தான் ஆனது. 350 டிகிரி ஃபாரன்ஹீட், 175 செல்சியஸில் 25 நிமிஷம். ஓரம் குமிழியிட்டதும் எடுத்துவிடவேண்டும். மேலே நன்றாகச் சிவக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிஷம் வைத்தால் உள்ளே சீஸ் பிரிய ஆரம்பிக்கும். முதல் தடவை கண்ட அதே எண்ணெய் வளையம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

பக்கத்து வீட்டு அம்மா முதலில் ஒரு கரண்டிதான் வைத்துக்கொண்டார். மெதுவாகச் சாப்பிட்டார். "முட்டை போடலை" என்றார். இல்லை என்றேன். "பால் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். முட்டை ஊற்றி, வெட்டிப் பரிமாறும் பதத்தில் அடுத்த வருஷம் அவர் கூடவே நின்று செய்வதாகப் பேச்சு.

மிச்சத்தை மறுநாள் சுடவைக்கிறவர்களுக்கு: ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, மைக்ரோவேவில் பாதி பவரில் வையுங்கள், நடுவில் ஒரு தடவை கிளறுங்கள். மகளின் பள்ளிக்குத் தெர்மாஸில் கொடுக்கும்போது, முதலில் தெர்மாஸில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, சாஸைக் கொஞ்சம் இளக்கமாகவே போடுகிறேன். மதியத்துக்குள் மக்ரோனி குடித்துச் சரியாகிவிடுகிறது. திறந்த டப்பாவில் மீந்த பாலை டப்பாவிலேயே விடாமல் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் இருப்பதில்லை. மறுநாள் விடிகாலையே அத்தை அதில் இஞ்சி தட்டிப் போட்டு டீ போட்டுவிடுகிறார்.